பதற்றத்துக்கு மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதிக் கேள்விகள் முளைக்கும். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தோன்றாதவை, கேட்கக் கூச்சப்பட்டவை, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது வருபவை. அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் டோஸை நீங்களே மாற்ற வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவானால் போதும்.

பதற்றம் எல்லோருக்கும்தான் வருகிறது. அதற்கெல்லாமா மாத்திரை?

பரீட்சைக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் புரள்வது நோயில்லை. பதற்றத்துக்குப் பயந்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளத் தொடங்கினால் கதை வேறு. கூட்டத்தில் மூச்சு முட்டிய ஒரு நாளுக்குப் பிறகு பஸ்ஸிலேயே ஏறாதவர், நாலு பேர் முன் பேச வேண்டும் என்பதற்காகப் பதவி உயர்வை வேண்டாம் என்றவர், எதற்கென்றே தெரியாமல் மாதக்கணக்கில் வயிற்றைப் பிசையும் கவலையோடு எழுந்திருப்பவர் ஆகியோருக்குத்தான் மருந்து என்ற பேச்சே வருகிறது. பொதுவான பதற்ற நோய் என்று பெயர் வைக்கவே குறைந்தது 6 மாதக் கவலை இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு.

எல்லாப் பயத்துக்கும் மாத்திரை கிடையாது. நாயைக் கண்டால் பயம், உயரத்தைக் கண்டால் பயம் போன்ற குறிப்பிட்ட பயங்களில் தினசரி மாத்திரையால் பெரிய பலன் இல்லை. பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் பயிற்சிதான் அங்கே சிகிச்சை.

மனசுக்குத்தானே மருந்து? இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எதற்கு?

உடம்பு செய்யும் சில கோளாறுகள் பதற்றம் போலவே வேஷம் போடும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும், தூக்கம் போகும். இரத்த சோகை, இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரை திடீரென்று இறங்குவது ஆகியவையும் அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, அளவுக்கு மிஞ்சிய காபி என்று நாமே உள்ளே தள்ளும் காரணங்களும் உண்டு. வேறு எதற்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது மூக்கில் விடும் சொட்டு மருந்து வரை சொல்லுங்கள்.

சீட்டில் இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார். ஒன்று தினமும், இன்னொன்று “தேவைப்பட்டால்”. என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தினமும் சாப்பிடச் சொன்னது மெதுவான மாத்திரை. பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், பராக்செட்டின், ஃப்ளுவாக்செட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. அல்லது வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் போன்ற எஸ்.என்.ஆர்.ஐ. வகை. இன்று போட்டால் இன்று ஒன்றும் தெரியாது. வாரங்கள் ஆகும். தினமும் போட்டால்தான் வேலை செய்யும்.

“தேவைப்பட்டால்” என்று எழுதியது வேகமான மாத்திரை. பெரும்பாலும் அல்பிராசோலம், குளோனாசெபாம், லோராசெபாம் போன்ற பென்சோடையசிபைன். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு தளரும், நெஞ்சு அடங்கும். அந்த நேரத்தைத் தாண்டி நோயின் போக்கை அது மாற்றுவதில்லை.

ஆட்கள் தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றுதான். வேகமான மாத்திரை உடனே சுகம் தருகிறது, அதனால் அதுதான் நல்ல மருந்து என்று தோன்றுகிறது. மெதுவான மாத்திரை முதல் 2 வாரம் குமட்டலையும் தலைவலியையும் மட்டுமே தருகிறது, அதனால் அது ஒத்துக்கொள்ளாத மருந்து என்று தோன்றுகிறது. விளைவு, தொடர வேண்டியதை 10-ஆம் நாள் நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதை 10 வருடம் தொடர்வார்கள். மருந்துச் சீட்டை நான் பார்க்க நேரும்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த இரண்டில் எது எந்த வேலைக்கு என்று உங்களுக்குச் சொன்னார்களா?

எனக்கு மனச்சோர்வு இல்லையே. இணையத்தில் தேடினால் இது மனச்சோர்வு மாத்திரை என்கிறதே?

பெயர்தான் பழசு. இந்த மருந்துகள் முதலில் மனச்சோர்வுக்கு என்று சந்தைக்கு வந்ததால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. பதற்றத்துக்கும் இவை வேலை செய்யும் என்பது மனச்சோர்வு இல்லாதவர்களிடமே சோதித்து உறுதியான விஷயம். வரலாறு இன்னும் பின்னால் போகிறது: 1960 வாக்கில் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன், இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து பேனிக் அட்டாக்கை, அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயத்தை, தடுப்பதைக் கவனித்தார். நோயாளிகள் தங்களுக்கு மாற்றமில்லை என்றார்களாம். ஆனால், செத்துப்போகிறேன் என்று செவிலியர் அறைக்கு ஓடிவருவது நின்றுபோயிருந்தது. பேனிக் என்பதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியதே அதன் பிறகுதான்.

நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் செரட்டோனினை, வெளியிட்ட அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. தடுப்பது சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. பலன் மட்டும் வாரக்கணக்கில் தாமதமாகிறது. மாறிய சூழலுக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொள்ள எடுக்கும் காலம் அது என்பதே பொதுவான விளக்கம். “செரட்டோனின் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம்” என்று எளிமையாகச் சொல்வார்கள். வசதியான விளக்கம்தான், ஆனால் டேங்கில் பெட்ரோல் ஊற்றுவது போன்ற காரியமில்லை இது.

மாத்திரை ஆரம்பித்து 4 நாள். பதற்றம் கூடியிருக்கிறது. நிறுத்திவிடவா?

நிறுத்தும் முன் ஒரு போன் போடுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் சிலருக்கு உடம்பு பரபரப்பது, தூக்கம் கலைவது, நெஞ்சு லேசாக அடித்துக்கொள்வது எல்லாம் வரும். பேனிக் உள்ளவர்கள் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் காவல்காரன் மாதிரி கவனிப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் பேனிக்குக்கு வழக்கத்தில் பாதியிலிருந்து தொடங்குவார்கள்: செர்ட்ராலின் 25 மி.கி., எஸ்சிட்டாலோபிராம் 5 மி.கி. உங்களுக்கு முழு அளவில் தொடங்கியிருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தச் சில வாரங்களைக் கடக்கத்தான் வேகமான மாத்திரையைத் துணைக்கு எழுதுகிறார்கள். அது கைத்தாங்கல்.

குமட்டலும் வயிற்றுப்போக்கும் கூட இதே காலத்தில்தான். உடம்பின் செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. மருந்து முதலில் வயிற்றைக் கலக்குவதில் ஆச்சரியமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலருக்கு அடங்கும். ஒரு வாரம், 10 நாளில் தானாகவே குறையும். தூக்கத்தைக் கெடுத்தால் காலையில் போடலாமா, தூங்கவைத்தால் இரவில் போடலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கத் தோன்றும் கடுமையான அமைதியின்மை, தூக்கமே தேவைப்படாத திடீர் உற்சாகம், உடம்பெல்லாம் தடிப்பு ஆகியவை “பொறுத்துக்கொள்” வகையில் சேராது. அன்றே சொல்ல வேண்டும். தூக்கம் வேண்டாத உற்சாகம், அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

எத்தனை வாரம் காத்திருப்பது?

லேசான மாற்றம் 2 முதல் 4 வாரத்தில். சரியான டோஸில் 6 முதல் 8 வாரம் கொடுத்த பிறகுதான் “இந்த மருந்து வேலை செய்யவில்லை” என்று தீர்ப்புச் சொல்ல முடியும். ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாமல் பிடிக்கும் ஓ.சி.டி.யில் 12 வாரம் வரை, டோஸும் அதிகம் தேவைப்படும். முன்னேற்றத்தை உங்களுக்கு முன் வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். “இப்போதெல்லாம் எரிந்து விழுவதில்லை” என்று யாராவது சொன்னால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லத் தயங்கும் பக்கவிளைவு இருக்கிறதாமே?

தாம்பத்தியம் சம்பந்தப்பட்டது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுக்கும் ஆண், பெண் இருபாலரிலும் கணிசமானவர்களுக்கு ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது நடக்கிறது. குமட்டல் போல இது தானாகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்து, ஒரு நாள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுபவர்கள் நிறைய. டோஸைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. டாக்டருக்கு இது தினமும் கேட்கும் விஷயம். அவர் முகம் சுளிக்கமாட்டார். அரிதாகச் சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இது நீடிப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி, வியர்வை, எடை கூடுவது (பராக்செட்டினில் சற்று அதிகம்), வாய் உலர்வது. சிலர் “அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல இருக்கிறது” என்பார்கள். உணர்ச்சி மழுங்கல் என்பது இதுதான். பதற்றம் போனதோடு எல்லாமே போய்விட்டால் டோஸ் கூடுதல் என்று அர்த்தமாகலாம். நல்ல சிகிச்சையில் நீங்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இந்த மாத்திரை தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று காகிதத்தில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட உத்தரவிட்டது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சிறுவர்களில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களிடம் சுமார் 4 சதவீதமும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் சுமார் 2 சதவீதமும் இருந்தது. அந்தச் சோதனைகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. 24 வயதைத் தாண்டியவர்களில் இந்தக் கூடுதல் காணப்படவில்லை.

எனவே இளம் வயதினர் தொடங்கும் முதல் சில வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த வயதாக இருந்தாலும் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள்.

வேகமான மாத்திரை பழகிவிடுமா?

பழகும். அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

இதன் கதையே ஒரு பாடம். 1950-களில் பதற்றத்துக்கு மெப்ரோபமேட் கொடிகட்டிப் பறந்தது. அதற்கு முன் பார்பிட்யூரேட். சற்று அதிகமானால் மூச்சே நின்றுவிடும் சரக்கு. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் உருவாக்கி அலமாரியில் கிடந்த ஒரு பொருளை 1957-இல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் குளோர்டையாசிபாக்சைடு, 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் வந்தது. 1963-இல் டையாசிபாம், வேலியம் என்ற பெயரில். முந்தையவற்றைவிடப் பாதுகாப்பானது என்பது உண்மை. அந்த உண்மையை நம்பி வருடக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். பழகிப்போன பிறகு விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளிச்சத்துக்கு வர 20 வருடம் பிடித்தது.

மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டுகின்றன. மது தொடும் இடமும் இதுவே. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் பிரேக் இல்லாத வண்டி மாதிரி: முன்பிருந்ததைவிட மோசமான பதற்றம், தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு. அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்கின்றன பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள். 2020-இல் எஃப்.டி.ஏ.வும் பழக்கம், அடிமைத்தனம் பற்றிய எச்சரிக்கையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தது.

பழகுவதும் அடிமையாவதும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் எழுதிய அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகிப்போகும். அது அவருடைய குற்றமில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: அட்டையில் 0.5 என்று போட்டிருப்பதால் வீரியம் குறைவு என்று நினைக்காதீர்கள். 0.5 மி.கி. அல்பிராசோலம் சுமார் 10 மி.கி. டையாசிபாமுக்குச் சமம்.

பல வருடமாக இரவில் அல்பிராசோலம் போடுகிறேன். இன்றோடு விட்டுவிடலாமா?

இன்றோடு வேண்டாம். இன்றிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்பிராசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுவது. பாதி அளவு வெளியேற சுமார் 11 மணி நேரம்தான். அதனால் இரண்டு வேளைகளுக்கு நடுவிலேயே உடம்பு கேட்கத் தொடங்கும். டாக்டர்கள் சில சமயம் நீண்ட நேரம் தங்கும் குளோனாசெபாமுக்கோ டையாசிபாமுக்கோ மாற்றிவிட்டு, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு வாரம், ஒவ்வொரு முறையும் அப்போதிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ. மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடமும் ஆகும். நடுவில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. முன்பு வலிப்பு வந்தவர்களும் தினமும் மது குடிப்பவர்களும் வீட்டில் தனியாக முயலவே கூடாது.

மேடையேறும் முன் ஒரு மாத்திரை போட்டால் கை நடுங்காது என்கிறார்களே?

புரோப்ரனலால். இரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் உள்ள பீட்டா தடுப்பான். ஜேம்ஸ் பிளாக் 1960-களில் கொண்டுவந்தார். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. அட்ரினலின் இதயத்தையும் கைகளையும் தட்டியெழுப்புவதை இது தடுக்கிறது. பயம் மனதில் இருக்கும், நடுக்கமும் படபடப்பும் குறையும். ஒரு மணி நேரம் முன்பு 10 முதல் 40 மி.கி. என்பது வழக்கம்.

ஆஸ்துமா இருந்தால் தொடக்கூடாது, மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்குவதை அறிவிக்கும் படபடப்பையே இது மறைத்துவிடும். முதல் முறையாக மேடை நாளன்று சோதித்துப் பார்க்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் பாருங்கள். தினமும் துரத்தும் பதற்ற நோய்க்கோ பேனிக்குக்கோ இது மருந்து என்று சொல்லத் தகுந்த ஆதாரம் இல்லை.

வேறு மாத்திரைகள் இல்லையா?

இருக்கின்றன. பஸ்பைரோன் பழகாது, தூக்கத்தில் தள்ளாது, தாம்பத்தியத்தைக் கெடுப்பதும் குறைவு. ஆனால் பொதுவான பதற்றத்துக்கு மட்டுமே, பேனிக்குக்கு எடுபடாது. ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை போட வேண்டும், பலனுக்குச் சில வாரம் ஆகும். கிரேப்ஃப்ரூட் சாறு இதன் அளவை இரத்தத்தில் வெகுவாக ஏற்றிவிடும். அல்பிராசோலத்தின் சுகத்தை அனுபவித்தவர்கள் இதைக் கண்டு ஏமாந்துபோவார்கள். உடனடியாக ஒன்றும் தெரியாததுதான் காரணம்.

பிரிகாபலின் ஒரு வாரத்திலேயே உதவத் தொடங்கும். பொதுவான பதற்றத்துக்கு ஐரோப்பாவில் 2006 முதல் அனுமதி உண்டு, அமெரிக்காவில் பதற்றத்துக்கென்று அனுமதி இல்லை. தலைசுற்றல், தூக்கம், எடை கூடுதல் வரும். சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறில் டோஸ் குறைக்க வேண்டும். இதுவும் பழகக்கூடியதே. பிரிட்டன் 2019-இல் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஹைட்ராக்சிசின் அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை, பதற்றத்தையும் தணிக்கும். பழகாது, நன்றாகத் தூங்கவைக்கும். குட்டியாப்பின் போன்ற மனச்சிதைவு மருந்துகளைச் சிறு அளவில் எழுதுவதும் நடக்கிறது. எடையும் சர்க்கரையும் கூடும் என்பதால் அதை எடுத்த எடுப்பில் எழுதினால் நான் ஏன் என்று கேட்பேன்.

இமிப்ரமின், குளோமிப்ரமின் போன்ற பழைய மருந்துகள் நன்றாகவே வேலை செய்யும், குறிப்பாக ஓ.சி.டி.யில் குளோமிப்ரமின். மலச்சிக்கல், வாய் உலர்தல், அதிகமாக விழுங்கினால் இதயத்தைப் பாதிப்பது ஆகியவற்றால் பின்வரிசைக்குப் போய்விட்டன. ஃபெனல்சின் போன்ற மாவோ தடுப்பான்கள் (MAOI) என்ற இன்னொரு பழைய வகையை எடுப்பவர்கள் பழைய பாலாடைக்கட்டி போன்ற நாள்பட்டுப் புளித்த உணவுகளைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். இன்று அரிதாகவே எழுதுகிறார்கள்.

மது? காபி?

வேகமான மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது. இரண்டும் மூளையில் ஒரே பிரேக்கை மிதிப்பவை, மூச்சே நின்றுபோகலாம். டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடும் அதே ஆபத்து. எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு மது உடனடி விஷமாகாது, ஆனால் மறுநாள் காலைப் பதற்றத்தை மதுவே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

காபியை ஒரு மாதம் பாதியாக்கிப் பாருங்கள். மருந்தை ஏற்றும் முன் செய்யத்தக்க மலிவான சோதனை. ஃப்ளுவாக்சமைன் எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடுவதால் ஒரு கப் காபி பல கப் வேலை செய்யும்.

இதோடு எந்த மருந்தைச் சேர்க்கக்கூடாது?

எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. டிரமடால், லினசோலிட், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்கள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை செரட்டோனினின் வேலையை மேலும் கூட்டுபவை. காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம், குழப்பம் ஒன்றாக வந்தால் அது செரட்டோனின் நோய்க்குறி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. அந்த மூலிகை கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். கவா என்ற இன்னொரு மூலிகை கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. “மூலிகைதானே” என்ற வார்த்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரியா?

பதறிப்போய் ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரும்பாலும் தவறான முடிவு. நோய் திரும்பி வந்து தாய் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பதும் குழந்தையைப் பாதிக்கும். கருவின் இதயக் குறைபாடு பற்றிய சந்தேகம் பராக்செட்டின் மேல் இருப்பதால் கர்ப்பம் திட்டமிடுபவர்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். செர்ட்ராலின் பரவலாகப் பயன்படுகிறது, தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே சேரும். கடைசி மாதங்களில் எடுத்தால் பிறந்த குழந்தை சில நாள் நடுக்கம், அழுகை, பால் குடிப்பதில் சிரமம் காட்டலாம். பெரும்பாலும் தானே சரியாகும், பிரசவ மருத்துவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். திட்டமிடும்போதே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்கு முதலில் பேச்சு சிகிச்சை. 7 முதல் 17 வயது வரையான 488 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், செர்ட்ராலினும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் சேர்ந்தபோது சுமார் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறினர். பேச்சு சிகிச்சை மட்டும் 60, மாத்திரை மட்டும் 55, வெற்று மாத்திரை 24. கடைசி எண்ணையும் பாருங்கள்: நம்பிக்கைக்கும் கவனிப்புக்கும்கூட ஒரு பங்கு இருக்கிறது.

வயதானவர்களுக்கு வேகமான மாத்திரை என்றால் எனக்கு இடுப்பெலும்பு முறிவுதான் நினைவுக்கு வரும். இரவில் எழுந்து தடுமாறி விழுவது, பகலில் குழம்புவது எல்லாம் இதன் கைங்கர்யம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கிய பெரியவர், அதுவும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர், திடீரென்று சோர்ந்து உளறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். ஒரு எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அன்றே நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

மாத்திரையே இல்லாமல் பேசிப் பேசிக் குணமாக முடியாதா?

பலருக்கு முடியும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பதற்ற நோய்களில் மருந்துக்கு நிகராகவே வேலை செய்கிறது, நிறுத்திய பிறகும் பலன் நிலைப்பதில் மருந்தைவிட மேல். நல்ல சிகிச்சையாளர் கிடைப்பதும் வாரம் ஒரு முறை போவதும் கஷ்டமாக இருப்பதால்தான் மாத்திரை முன்னால் வந்துவிடுகிறது. படுக்கையைவிட்டே எழ முடியாதவருக்கு மாத்திரை முதலில் எழுந்து உட்கார வைக்கும், பிறகு பயிற்சி. ஆனால் பயிற்சிக்குப் போகும்போது வேகமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். லிஃப்டில் ஏறியும் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கற்க வேண்டிய இடத்தில், மாத்திரை இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று அது கற்றுக்கொள்ளும். பையில் ஒரு மாத்திரை இருந்தால்தான் வாசல் தாண்டுவேன் என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் அதை விழுங்கியிருக்கவே மாட்டார்கள், அட்டை மட்டும் கூடவே பயணம் செய்யும்.

நன்றாகிவிட்டேன். எப்போது நிறுத்தலாம், எப்படி?

நன்றாக ஆன பிறகு குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். முன்பே இரண்டு மூன்று முறை நோய் திரும்பியிருந்தால் இன்னும் நீளும். வேலை மாற்றம், வீட்டில் கல்யாணம், பரீட்சை போன்ற காலங்களில் நிறுத்தத் தொடங்க வேண்டாம்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ.க்கு ஏங்கி யாரும் அலைவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு எதிர்ப்புக் காட்டும்: தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு. சீக்கிரம் வெளியேறும் வென்லாஃபாக்சினிலும் பராக்செட்டினிலும் இது அதிகம். வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளுவாக்செட்டினில் குறைவு.

குறைக்கும்போது ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. சாதாரணக் குறைந்த டோஸிலேயே மூளையின் செரட்டோனின் உறிஞ்சிகளில் சுமார் 80 சதவீதம் அடைபட்டுவிடுகின்றன. அதனால் அதிக டோஸிலிருந்து பாதியாகக் குறைக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. கடைசிக் கால் மாத்திரையிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் கால் இடறும். முதல் படிகளில் வேகமாகவும் கடைசிப் படிகளில் நத்தை மாதிரியும் இறங்குவதே முறை. அதற்குத் திரவ மருந்து கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிறுத்திய பிறகு படபடப்பு வருகிறது. நோய் திரும்பிவிட்டதா?

தேதியைப் பாருங்கள். குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கியிருந்தால், தலைசுற்றல், மின்வெட்டு உணர்வு போல முன்பு உங்கள் நோயில் இல்லாதவை கலந்திருந்தால், பழைய டோஸைப் போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால், அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதன் விளைவு. நிறுத்திப் பல வாரமோ மாதமோ கழித்து, பழைய அதே பயங்கள் மெல்ல மெல்லத் தலைதூக்கினால் நோய் திரும்புகிறது என்று கொள்ளலாம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்புவதும் உண்டு. எனவே குறைக்கத் தொடங்கும் நாளிலிருந்து ஒரு காலண்டரில் இரண்டே விஷயங்களை எழுதுங்கள்: அன்றைய டோஸ், அன்றைய பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். டாக்டர் முன் அந்தத் தாளை வைத்தால், “எப்போதிலிருந்து?” என்ற அவருடைய முதல் கேள்விக்கு ஞாபகத்தைத் துழாவ வேண்டியிருக்காது.